நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று

மார்ச் 4

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்தது தெரியக் கூடாது என்று வேறு தாள் எடுத்தேன். இப்போது அதையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கைபேசி நாற்பது நாளுக்கு மேல் அணைந்தே கிடக்கிறது. விலாசத்தை விடுதிக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். “நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே” என்றார். அதையும் சொல்லிவிட்டேன். எனக்கு இப்போதெல்லாம் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடிவதில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். போன வருடம் ஜூன் மாதம், பயிற்சியில், என் இடது முழங்காலின் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இந்த விளையாட்டு விடுதியின் பிசியோ நீங்கள். இங்கே கோச்சாக இருக்கும் என் அண்ணனின் மனைவியும் நீங்கள். ஏழு மாதம் என் கால் உங்கள் கையில்தான் இருந்தது. ஒன்பது மாதம் ஆகாமல் யாரும் களத்தில் இறங்கக் கூடாது என்று நீங்களே சிகிச்சை அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தீர்கள். ஜனவரி 11ஆம் தேதி நான் ஓடலாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள். 19ஆம் தேதி தடை ஓட்டத் தேர்வுப் போட்டி. மூன்றாவது தடையைத் தாண்டிக் கால் ஊன்றினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். பக்கத்துக் கோட்டில் ஓடியவளுக்கே கேட்டதாம்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் வந்தார்கள். விடுதிச் சமையல்காரர்கூட வந்தார். நீங்கள் வரவில்லை. மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். “போயிட்டா” என்றான்.

பிப்ரவரி 6ஆம் தேதி மறுபடி அறுவை சிகிச்சை. புது ஜவ்வு கட்ட இடது காலில் எடுப்பதற்குத் தசைநார் மிச்சமில்லை என்று வலது காலிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். நல்ல கால் என்று சொல்லிக்கொள்ள இனி எனக்கு ஒன்றும் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி. ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

குதிரை

(இந்தப் பட்டப்பெயரை வைத்ததே நீங்கள்தான். இப்போது விடுதியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பாவம் பார்க்கிறார்களாம்.)


மார்ச் 13

அன்புள்ள குதிரைக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. திறக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை நோயாளிகளைப் பார்த்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று படித்தேன்.

இது சின்ன ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்தவர்கள், இயந்திரத்தில் கை மாட்டியவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் வருவார்கள். ஓடுகிறவர்கள் யாரும் வர மாட்டார்கள். அதற்காகவே இங்கே வந்தேன்.

முதலில் இதற்குப் பதில் சொல். மல்லாந்து காலை நீட்டிப் படுத்தால் இடது முட்டிக்கு அடியில் உன் விரல் நுழைகிறதா? நுழைந்தால் எத்தனை விரல்? மடங்குவது எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். மடங்காத முட்டியைப் பொறுமையாக மடக்கிக்கொள்ளலாம். நேராக நீளாத முட்டி அப்படியே கெட்டிப்பட்டுவிடும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. முட்டிக்கு அடியில் வைக்காதே, அது சுகமாக இருக்கும், அதனால்தான் கெடுதல். தொடையை இறுக்கி ஐந்து வரை எண்ணு. விடு. பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வீங்கினால் ஐஸ் வை, துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். போன தடவை அவசரப்பட்டுத் தோலைப் பொசுக்கிக்கொண்டாய்.

உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? என் இடத்துக்கு வேறு ஆள் போட்டார்களா?

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதுவேன். கொஞ்சம் பொறு. கைபேசியை அணைத்து வைத்திருப்பது உன்மேல் கோபத்தால் அல்ல. குரலைக் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

மூன்று விரல். போதுமா?

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று. உங்களுக்கு எப்போதும் முட்டியோடுதான் பேச வரும், முட்டிக்குச் சொந்தக்காரியோடு வராது.

உங்கள் இடத்தில் யாரையும் போடவில்லை. சிகிச்சை அறை பூட்டிக் கிடக்கிறது. சாவி அண்ணனிடம். அவனேதான் எனக்கு எல்லாம் செய்கிறான். காலையில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டுவிட்டு என் அறைக்கு வருவான். போன செவ்வாய்க்கிழமை என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, குதிகாலைப் பிடித்து முட்டியை மடக்கினான்.

“அண்ணா, போதும்.”

“பல்லைக் கடிச்சுக்கோ.”

“உள்ள என்னவோ இழுக்குதுண்ணா.”

“இழுக்கத்தான் செய்யும். எனக்கு அடிபட்டப்போ இப்படிச் செய்ய ஒரு ஆள் இருந்திருந்தா நான் ஏன் இருபத்திரெண்டு வயசுல விசிலைக் கையில எடுக்கிறேன்?”

உடம்பின் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினான். நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். சட்டென்று விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “உன்னை மறுபடி ஓட வைக்கலன்னா நான் கோச்சே இல்ல” என்றான். அந்த மனிதனிடம் நான் என்ன சொல்வது? முட்டி இரண்டு நாள் பரங்கிக்காயாக வீங்கிக் கிடந்தது.

இனிச் சொல்லப் போவதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரி 11 அன்று நான் ஏமாற்றினேன். ஒற்றைக்காலில் தாவும் சோதனை. அடிபட்ட கால் தாவும் தூரம் நல்ல கால் தாவும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும். அடிபட்ட காலை நீளமாகத் தாவ வைக்க என்னால் முடியவில்லை. அதனால் நல்ல காலைக் குட்டையாகத் தாவ வைத்தேன். வலது காலில் எழும்பி, காற்றிலேயே இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இடது 134 சென்டிமீட்டர், வலது 146. நீங்கள் கணக்குப் போட்டு 91 என்று எழுதினீர்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

இந்தக் கட்டிலில் படுத்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பொய்யை நம்பித்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் உங்கள் வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தது நான். அப்படியென்றால் அப்படியே எழுதிவிடுங்கள். திட்டியும் எழுதுங்கள். என் காலை நானேதான் ஒடித்துக்கொண்டேனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். இது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

குதிரை


ஏப்ரல் 2

அன்புள்ள குதிரைக்கு,

இல்லை. நீ ஒடிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தப்பித்துப் போக ஒரு வாசல் தெரிந்தது. ‘ஆமாம், நீ ஏமாற்றிவிட்டாய், நான் நம்பிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பழி தீர்ந்தது. ஒரு வாரம் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நீ ஏமாற்றியது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

விடுதியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதி வைப்பேன். அடிபடுவதற்கு முன்னால் உன் வலது கால் தாவியது 182. அந்தப் பதிவேடு அன்று என் மேசைமேல் திறந்தே இருந்தது. 182 தாவிய கால் 146 தாவினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு பிசியோவுக்குத் தெரியாதா? உண்மைக் கணக்கு எழுபத்துமூன்று சொச்சம். ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். தாளைக் கசக்கினேன். படிவத்தில் 91 என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.

மத்தியானம் உன் அண்ணன் வந்தார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

“போட்டாச்சா?”

“இன்னும் ரெண்டு மாசம் போகட்டுங்க.”

“ரெண்டு மாசம் கழிச்சு அவ யாருக்கு ஓடணும்? தெருநாய்க்கா?” என்றார். “உன் நாத்தனாருங்கிறதாலதானே இழுத்தடிக்கிற? வேற பொண்ணா இருந்தா எப்பவோ போட்டிருப்ப.”

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. டப்பாவை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உண்மை நேர்மாறாக இருந்தது என்பது அப்புறம்தான் எனக்கு விளங்கியது. வேறு பெண்ணாக இருந்திருந்தால் நான் போட்டிருக்கவே மாட்டேன். கோச் கத்தினால் கத்தட்டும் என்று இருந்திருப்பேன். கத்துகிற கோச்சோடு அன்று சாயங்காலம் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நான்கு மாதமாக அந்த வீட்டில் உன் முட்டியைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

பழியை அவர்மேல் மட்டும் போட்டுவிட்டு நான் விலகிக்கொள்ள முடியாது. எனக்கும் ஆசை இருந்தது. ஏழே மாதத்தில் ஒரு பெண்ணைக் களத்தில் நிறுத்திய பிசியோ என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற ஆசை. இதை எழுதக் கை கூசுகிறது.

நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றாய். அன்று மைதானத்திலேயே இருந்தேன். ஐஸ் பெட்டி என் கையில் இருந்தது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. எல்லாரும் உன்னை நோக்கி ஓடினார்கள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளிவாசலை நோக்கி நடந்தேன். நீ மண்ணில் கிடந்து அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டது வாசல் வரைக்கும் கேட்டது.

எங்களுக்கு உரிமம் கொடுக்கும் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். நீ ஓட ஆசைப்பட்டாய், ஏமாற்றினாய். அப்படி ஏமாற்றுகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

மூன்று விரல் அதிகம். மிக அதிகம். உன் அண்ணனை முட்டியைத் தொட விடாதே.

அண்ணி


ஏப்ரல் 9

உங்களுக்கு,

தெரிந்திருந்தது. தெரிந்தே போட்டிருக்கிறீர்கள்.

சோதனையில் ஏமாற்றியபோது எனக்குப் பயமே இல்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. உண்மையிலேயே ஆபத்து என்றால் அண்ணி விட மாட்டார் என்று ஒரு தைரியம். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும் குழந்தைக்கு, அம்மா பின்னால் நிற்கிறாள் என்று ஒரு தைரியம் இருக்குமே, அது.

கூப்பிட்டது கேட்டதாம், வாசல் வரைக்கும் கேட்டதாம். ஐயோ அண்ணி.

துண்டைச் சுருட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன். எதற்காக நீட்ட வேண்டும்? யாருக்காக? இனி எனக்கு எழுதாதீர்கள்.


ஏப்ரல் 18

குதிரை,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடு. படித்துவிட்டுக் கிழி.

பத்து வாரம் முடிந்துவிட்டது. அந்த மூன்று விரல் இடைவெளி ஒவ்வொரு நாளும் உள்ளே தழும்பால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. நான் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நடையைப் பற்றிப் பேசுகிறேன். இங்கே ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் முட்டி இப்படித்தான் நின்றுபோனது. வண்டி ஓட்டத்தானே, இது போதும் என்று விட்டுவிட்டார். இப்போது இடுப்பு போய்விட்டது, முதுகும் போய்விட்டது. நேற்று என்னிடம், “ஒரு காலைத்தாம்மா விட்டேன், அது கூடவே மொத்த ஆளையும் இழுத்துட்டுப் போயிடுச்சு” என்றார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. உனக்கு இருபது.

என்னைத் திட்டு. முட்டியை நீட்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

உன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வலிக்க வலிக்க அழுத்தினால் முட்டி இன்னும் வீங்கும், வீங்கினால் தொடைத் தசை வேலை செய்வதையே நிறுத்திவிடும். அறுவை செய்த டாக்டரிடம் போ. நீள மறுக்கிறது என்று சொல். இன்றைக்கே போ. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அண்ணி


மே 6

குதிரை,

பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தவுடனேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

வேறு எதுவும் எழுத வேண்டாம். ஓர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதிப் போடு. எத்தனை விரல்?

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

எத்தனை விரல் என்று நான் அளக்கவில்லை. நொண்டுகிறேன். ஊன்றுகோலை விட்டுவிட்டேன், நொண்டல் என்னை விடவில்லை. அதைப் பற்றி இப்போது பேச நேரமில்லை.

சுள்ளியை நினைவிருக்கிறதா? நானூறு மீட்டர் ஓடுகிறவள், பதினெட்டு வயது. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று நாம்தான் அந்தப் பெயர் வைத்தோம். மார்ச் மாதம் அவளுக்கு வலது முட்டி திருகிக்கொண்டது. மூன்று மாதம் ஓடக் கூடாது, அப்புறம் அதே தாவல் சோதனையில் தேறினால்தான் களம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை.

ஏப்ரலில், தெரிந்தே கையெழுத்துப் போட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் வந்த மறுநாள் சுள்ளி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “அக்கா, அந்தச் சோதனையில நீங்க எப்படிக்கா பாஸானீங்க?” என்று கேட்டாள். அன்று என் உடம்பெல்லாம் விஷம். “நல்ல காலை இழுத்துப் பிடிச்சுக்கோ. அடிபட்ட கால் தானா பாஸாயிடும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணி, நான் சிரித்தேன்.

வருகிற 12ஆம் தேதி அவளுக்குச் சோதனை. 15ஆம் தேதி போட்டி. வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார், எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். டேப்பைப் பிடித்து அளக்க அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். “நீ அளந்தா ஒரு சென்டிமீட்டர் பிசகாது” என்கிறான். என் 91 பொய் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவள் முட்டி வீங்குகிறது. தொளதொள பேன்ட் போட்டு மறைக்கிறாள். வேண்டாம் என்று சொன்னேன். “உங்களால முடியலன்னு பொறாமை அக்கா உங்களுக்கு” என்றாள். அண்ணனிடம் சொன்னேன். “உன் பயத்தை அவமேல ஏத்தாதே” என்றான்.

இதை வெளியே சொன்னால் அண்ணனின் வேலை போகும். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். சொல்லாவிட்டால் அவள் கால் போகும். அந்தச் சத்தத்தை நான் இன்னொரு தடவை கேட்கவே முடியாது. என்ன செய்யட்டும்? 12ஆம் தேதிக்குள் எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

குதிரை


ஜூன் 9

அன்புள்ள குதிரைக்கு,

குழுவின் விசாரணைக்காக வேறு ஊருக்கு வந்து ஒரு வாரமாக லாட்ஜில் இருக்கிறேன். நீ எழுதியிருந்தாலும் கடிதம் என் அறை வாசலில்தான் கிடக்கும். எழுதியிருக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரு வருடம் என் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவரை நான் யாருக்கும் சிகிச்சை செய்யக் கூடாது. கடைசியில் அவர்களில் வயதான அம்மா கேட்டார். “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?”

“தெரியலைங்க. பதில் வரலை.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இங்கே மின்விசிறி பெரிய சத்தம் போடுகிறது. ஜன்னலைத் திறந்தால் சுவர். இருபது வருடமாக யாருடைய கையையாவது காலையாவது பிடித்துக்கொண்டே இருந்தவள் நான். நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அண்ணி


ஜூன் 16

அண்ணிக்கு,

12ஆம் தேதி வரை காத்திருந்தேன். உங்கள் கடிதம் வரவில்லை. நீங்கள் லாட்ஜிலிருந்து எழுதியது 13ஆம் தேதிதான் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

உள்ளரங்கில் சோதனை. டாக்டர் நாற்காலியில், அண்ணன் அவர் பக்கத்தில், நான் தரையில் டேப்போடு. சுள்ளி முதலில் அடிபட்ட வலது காலில் தாவினாள். 128. அப்புறம் இடது கால். எழும்பினாள், காற்றிலேயே இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எனக்கு என்னையே பார்ப்பது போல இருந்தது. 139.

“தொண்ணூத்திரெண்டு” என்றார் டாக்டர். “நல்லா இருக்கே. படிவத்தைக் குடுங்க.”

“இது பொய் டாக்டர்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “இவ நல்ல காலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு தாவுறா. அந்தக் கால் இதைவிட ரொம்பத் தூரம் போகும். பழைய அளவு பதிவேட்டுல இருக்கு.”

“அக்கா!” என்று சுள்ளி கத்தினாள்.

“சொல்லிக் குடுத்ததே நான்தான். ஜனவரியில நானும் இதையேதான் செஞ்சேன். அதான் இப்படி இருக்கேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். “சிகிச்சை அறைச் சாவியைக் குடுண்ணா” என்றேன். அவன் கை பைக்குள் போனது, அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சாவியை எடுத்து, என்னிடம் தராமல் டாக்டரிடம் கொடுத்தான்.

பதிவேட்டில் சுள்ளியின் இடது கால் 171. டாக்டர் படிவத்தைக் கிழித்துவிட்டு அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. ஓடியிருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார்கள். அறுவை இல்லாமலே சரியாக வாய்ப்பு இருக்கிறதாம்.

சுள்ளி என்னிடம் சொன்னதை எழுத மனம் வரவில்லை. எழுதிவிடுகிறேன். “வழி சொல்லிக் குடுத்ததும் நீங்க, கதவைச் சாத்துனதும் நீங்க. நல்லாவே இருக்க மாட்டீங்கக்கா.” அவள் சொன்னதில் எதைத் தவறு என்பது?

மறுநாளே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் என் அறைக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

“அது தொண்ணூத்தொண்ணு இல்லையா?”

“எழுபத்திமூணு.”

“உங்க அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையேண்ணா. போட்டாச்சான்னுதானே கேட்ட.”

தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எங்கள் அப்பா போன அன்றுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

குதிரை


ஜூன் 21

அன்புள்ள குதிரைக்கு,

ஊர் திரும்பியபோது அறை வாசலில் உன் இரண்டு கடிதங்களும் கிடந்தன. கையில் முதலில் வந்தது பிந்தியது. நீ செய்து முடித்ததைப் படித்துவிட்டுத்தான், என்ன செய்யட்டும் என்று நீ கேட்டதைப் படித்தேன். சமயத்தில் கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். நிச்சயமாகத் தெரியவில்லை. ‘உன் அண்ணனிடம் இன்னொரு தடவை பேசிப் பார்’ என்று எழுதியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. கிடைக்காமல் போனதே நல்லது.

இங்கே வா. எனக்கு உன் காலைத் தொட உரிமை இல்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்த பிசியோ ஒருத்தி இருக்கிறாள். வாயைத் திறந்தால் வசவு, கை மட்டும் தங்கம். எலும்பு டாக்டரிடமும் பேசிவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். உள்ளே தழும்பை வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். இன்னொரு அறுவை. அதற்குப் பிறகும் முழுதாக நீளும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை உனக்கு ஒரு பொய்யும் கிடையாது.

என் அறை தரைத் தளத்தில்தான். படி ஏற வேண்டாம்.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வருகிறேன். வருகிற வெள்ளி இல்லை, அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலைப் பேருந்து.

அறுவை செய்த டாக்டரை நேற்றுப் பார்த்தேன். தடை ஓட்டம் முடிந்துபோன கதை என்றார். அவர் சொல்வதற்கு முன்பே தெரியும். இருந்தாலும் ஒருவர் வாய்விட்டுச் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கம்பவுண்டர் தண்ணீர் கொடுத்தார். விடுதி வரும் வரைக்கும் தெருவில் நடக்கிறவர்களின் முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரும் அதைப் பற்றி நினைப்பதே இல்லை அண்ணி. அவர்கள் பாட்டுக்கு நடக்கிறார்கள்.

நான் வருவது ஓடுவதற்காக அல்ல. ஒரு மாடி ஏறி இறங்க வேண்டும். பேருந்தில் யாரும் எனக்கு எழுந்து இடம் கொடுக்கக் கூடாது. அவ்வளவு போதும். அதுவும் கிடைக்குமோ என்னவோ. அந்த வாய்த்துடுக்குப் பிசியோ திட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்று கூப்பிட்டபோது வராததற்கு நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. நேரில் பேசுவோம், அல்லது பேசாமல் இருப்போம்.

சுள்ளியை நேற்று வராந்தாவில் பார்த்தேன். சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பிறகு, “நானும் வரட்டுமா?” என்றான். எனக்கா, உங்களுக்கா, எதற்கு வருகிறான் என்று நான் கேட்கவில்லை. “அண்ணிகிட்ட கேட்டு எழுதுறேன்” என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், அவன் வர மாட்டான். நான் எப்படியும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன்.

உறையின்மேல் இருப்பது என் எழுத்து அல்ல. விலாசத்தை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தெருவையும் கதவு எண்ணையும் வேகமாக எழுதிவிட்டான். உங்கள் பெயரை எழுதத்தான் வெகுநேரம் ஆனது.

குதிரை